கோவாச் செய்கையும் வைரமுதுகு அந்துப்பூச்சியும்

வெலிமடை, பண்டாரவளை, ஊவா பரணகம, அப்புத்தளை ஆகிய பகுதிகளில் மரக்கறி பயிரிடுவோர் விவசாயப் போதனாசிரியரைக் கண்டவுடன் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. “ஐயா, கோவாப் புழுவுக்கு இப்போது எந்த மருந்து நல்லது?” என்பதே அது. எந்தப் புழு என்று திருப்பிக் கேட்டால், “பச்சைப் புழுதான்” என்பர். அப்புழு எந்தப் பூச்சியின் குஞ்சு, அப்பூச்சியைக் கண்டதுண்டா என்று கேட்டால், கண்டதாகச் சொல்வோர் மிகச் சிலரே.

இக்குறை கமக்காரருடையது மட்டுமன்று. நான் போதனாசிரியனாகக் கடமை ஏற்ற தொடக்க ஆண்டுகளில், இலையைப் புரட்டிப் பாராமலே மருந்தின் பெயரைச் சொல்லி அனுப்பிய நாட்கள் உண்டு. கேட்டவர் திருப்தியுடன் சென்றார். பத்து நாட்களின் பின் மீண்டும் வந்து, “அந்த மருந்துக்கும் புழு சாகவில்லை, ஐயா, இன்னொன்று சொல்லுங்கள்” என்றார். அவருடன் பாத்திக்குச் சென்று இலையைப் புரட்டிப் பார்த்தபோதுதான், அவர் மூன்று மருந்துகளை ஒரே வாளியிற் கலந்து ஐந்து நாட்களுக்கொரு முறை தெளித்து வந்ததை அறிந்தேன். புழுவோ குறையவில்லை. கடன் மட்டும் கூடியிருந்தது. அந்தக் கடனில் எனது வாய்ச்சொல்லுக்கும் ஒரு பங்குண்டு என்பதை நான் மறக்கவில்லை.

ஆதலால் இவ்வெளியீட்டில் நான் வற்புறுத்த விரும்பும் கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றேன். நாட்காட்டியைப் பார்த்து மருந்து தெளிக்கும் வழக்கத்தை நாம் கைவிடல் வேண்டும். பூச்சியை இனங்கண்டு, பாத்தியில் அதன் அளவை எண்ணிப் பார்த்து, அயலாரோடு கூடி நடத்தல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடின் நாம் காசு கொடுத்து வாங்கும் மருந்தே நமது பீடையை வளர்த்துவிடும்.

பூச்சியின் தோற்றம்

கோவாவுக்குப் பெருந்தீங்கு செய்யும் இப்பூச்சி உருவத்தில் மிகச் சிறியது. இறகுகளை மடித்து இலையில் அமர்ந்திருக்கும்போது அதன் நீளம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர். இறகுகளை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை சுமார் 15 மில்லிமீற்றர். நெல்மணியொன்றின் பருமனுக்கு மேற்பட்டதன்று. நிறம் சாம்பல் கலந்த கபிலம். உணர்கொம்புகள் இரண்டும் தலைக்கு முன்னே நேராக நீட்டிக்கொண்டிருக்கும். மடித்த இறகுகளின் விளிம்பிலுள்ள வெளிறிய பட்டிகள் முதுகின் நடுவே ஒன்று சேர்ந்து, சீட்டுக்கட்டிற் காணும் டயமன் வடிவில் மூன்று கட்டங்களை உண்டாக்கும். வைரமுதுகு அந்துப்பூச்சி என்னும் பெயர் அதனால் வந்ததே. ஆண் பூச்சியில் இவ்வடையாளம் தெளிவாகவும், பெண் பூச்சியிற் சற்று மங்கலாகவும் இருக்கும்.

பகலில் இது இலைகளின் கீழே ஒதுங்கியிருக்கும். அந்தி சாயும் வேளையிற் பாத்தியினூடே நடந்தால், காலடியிலிருந்து சிறு சிறு பூச்சிகள் எழும்பித் தாழப் பறந்து மீண்டும் அமர்வதைக் காணலாம். பெண் பூச்சி ஒன்று 150க்கு மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. முட்டைகள் மஞ்சள் நிறமானவை. குண்டூசித் தலையினும் சிறியவை. இலை நரம்புகளின் ஓரத்தில் தனித்தனியாகவோ இரண்டு மூன்றாகவோ ஒட்டப்பட்டிருக்கும்.

முட்டையிலிருந்து வெளிவரும் புழு முதலில் இலையின் தோலுக்குள்ளே நுழைந்து தின்னும். பின்னர் வெளியே வந்து இலையின் அடிப்புறத்தைச் சுரண்டும். மேற்றோலை மட்டும் விட்டுவிடுவதால் இலையிற் கண்ணாடி பதித்த சன்னல் போன்ற வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். முற்றிய புழு இளம் பச்சை நிறத்தில், இரு முனைகளும் ஒடுங்கி, சுமார் 1 சென்ரிமீற்றர் நீளமாயிருக்கும். விரலாற் தொட்டவுடன் துடிதுடித்துப் பின்னோக்கி நெளியும். அல்லது மெல்லிய நூலொன்றை விட்டு இலையிலிருந்து தொங்கும். இந்தத் துடிப்பும் இந்த நூலுமே இதனை இனங்காண நம்பத்தகுந்த குறிகள். பின்னர் அது வலைபோன்ற வெண்பட்டுக் கூட்டினுள்ளே கூட்டுப்புழுவாக மாறும். வெப்பமான காலத்தில் முட்டை தொடக்கம் பூச்சி வரையான வாழ்க்கை இரண்டு அல்லது மூன்று வாரங்களில் முடிந்துவிடும். குளிர் கூடிய இடங்களில் சிறிது தாமதமாகும்.

வேறு புழுக்களுடன் இதனை மயங்குதல் கூடாது. இலையின் கீழ் மீன் செதிள்போல் அடுக்கிய முட்டைக் கூட்டத்திலிருந்து பிறந்து, உடலில் நெடுகிலும் வெள்ளைக் கோடுகளுடன் கூட்டமாக இருந்து இலைகளைப் பின்னித் தின்பது கோவாக் கொத்துப்புழு. அந்தக் கூட்டத்தை இலையோடு கிள்ளி அழித்தாலே போதும். இளங்கன்றின் குருத்தினுள்ளே துளைத்துச் சென்று, கோவா கட்டாமலும் பல சிறு தலைகள் வெடிக்கும்படியும் செய்வது குருத்துப்புழு. இரவில் கன்றை அடியோடு அறுத்துவிட்டுப் பகலில் மண்ணுக்குள் மறைவது வெட்டுப்புழு. நான்கிற்கும் பரிகாரம் வேறு வேறு. “பச்சைப் புழு” என்று ஒரே பெயரிட்டு ஒரே மருந்தைத் தெளிப்பது, காய்ச்சல் என்று சொல்லும் எல்லோருக்கும் ஒரே குளிசையைக் கொடுப்பது போலாகும்.

பரவியுள்ள இடங்கள்

1758 ஆம் ஆண்டிலேயே சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயசு இப்பூச்சிக்கு விஞ்ஞானப் பெயரிட்டார். இன்று கோவாக் குடும்பப் பயிர்கள் வளரும் நாடுகள் யாவற்றிலும் இது காணப்படுகின்றது. கோவா, பூக்கோவா, நோக்கோல், முள்ளங்கி, கடுகு ஆகியவையே இதன் உணவு. கடுகுக்கு உறைப்பைத் தரும் சத்தே இப்பூச்சியை வாசனையால் அழைக்கின்றது. போஞ்சியையோ, லீக்சையோ, உருளைக்கிழங்கையோ, நெல்லையோ இது தீண்டுவதில்லை. இவ்வுண்மையைக் கமக்காரர் நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். இதன் பயன் பின்னர் விளங்கும்.

தானாகப் பறக்கும்போது இது அதிக தூரம் செல்வதில்லை. காற்று எடுத்துச் செல்லும்போதோ கடலையும் கடக்கும். 1958 ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் கிழக்குப் பகுதிகளிலிருந்து காற்றோடு வந்த பெருங்கூட்டம் வடகடலைத் தாண்டிப் பிரித்தானியாவில் இறங்கியது. அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் கனடாவுக்கு இது காற்றிலேறிச் செல்கின்றது. கடலைத் தாண்டும் பூச்சிக்கு வேலியொரு தடையாகுமா? பதுளை மாவட்டத்தின் ஒரு மலைச்சரிவிலிருந்து எதிர்ச்சரிவுக்குச் செல்வது அதற்கு மிக எளிது.

காற்று மாத்திரமன்று, நாமும் அதனைச் சுமந்து செல்கின்றோம். நாற்றுமேடையிலிருந்து வாங்கிவரும் கன்றின் இலையடியில் முட்டையும் கூட்டுப்புழுவும் ஒட்டியிருக்கும். அறுவடை முடிந்த பின் பாத்தியில் விட்ட அடிக்கட்டைகளும், ஓரத்திற் குவித்த புற இலைகளும், அடுத்த பயிர் வரும்வரை பூச்சிக்குச் சோறும் வீடுமாய் இருக்கும்.

ஊவாவின் காலநிலையும் இதற்கு ஒரு துணை. மழை இப்பூச்சியின் பகைவன். பெருந்துளிகள் இளம் புழுக்களை இலையிலிருந்து கழுவி வீழ்த்தும். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைத்தொடரின் மறுபுறத்தில் மழையைச் சொரிந்துவிட்டு, ஆனி தொடக்கம் ஆவணி வரை ஊவாவுக்குள் வறண்ட கச்சானாக இறங்குகின்றது. தோட்டங்களின் தேயிலைக்கு மணத்தையும் விலையையும் தரும் அதே காற்று, கோவாப் பாத்தியில் வைரமுதுகுப் பூச்சிக்கு வாழ்வளிக்கின்றது. எனவே சிறுபோகத்திலேதான் நாம் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும்.

மருந்து ஏன் தோற்கின்றது?

பயிர்ப் பூச்சிகளுள் டி.டி.ரி. மருந்தை வென்ற முதற் பூச்சியாக எண்ணப்படுவது இதுவே. யாவாத் தீவின் லெம்பாங் மலைப்பகுதியில் 1953 இல் இது வெளியாகியது. பின்னர் வந்த மருந்து வகைகளும் ஒவ்வொன்றாக ஒவ்வொரு நாட்டில் இதனிடம் தோற்றன. பசில்லசு துரிஞ்சியென்சிசு என்னும் பற்றீரியாவிலிருந்து செய்யப்படும் மருந்து, மனிதருக்கும் குளவிகளுக்கும் தீங்கின்றிப் புழுவை மட்டும் கொல்வது. அதனையுங்கூட அளவின்றித் தெளித்த ஹவாய்த் தீவுக் கமங்களில் இப்பூச்சி வென்றுவிட்டதென 1990 இல் அறிவிக்கப்பட்டது.

இதிலே மாயம் எதுவுமில்லை. ஆயிரம் புழுக்களில் ஒன்றிரண்டுக்கு இயல்பாகவே ஒரு மருந்தைத் தாங்கும் வலிமை இருக்கும். மருந்து தெளித்தவுடன் மற்றவை மடியும். அவ்விரண்டும் பிழைத்துத் தம்முள் இனம் பெருக்கும். மூன்று வாரங்களுக்கொரு தலைமுறை தோன்றுமாயின் ஓராண்டில் எத்தனை தலைமுறை என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். நல்ல விதைநெல்லை நாம் தெரிந்தெடுப்பது போன்றே, மருந்துக்குச் சாகாத புழுவை நாமே தெரிந்தெடுத்து வளர்க்கின்றோம். மருந்துகளைக் கலந்து தெளித்தால் ஒரே காலத்தில் பல மருந்துகளுக்குச் சாகாத இனத்தை உண்டாக்குகின்றோம்.

இரண்டாவது காரணம் இதனினும் பெரிது. இப்புழுவினுள்ளே முட்டையிட்டு அதனைக் கொல்லும் சிறு குளவிகள் உண்டு. மருந்து புழுவைத் தொடுமுன் இக்குளவிகளைத் தொட்டுவிடுகின்றது. இதற்கு வெளிநாட்டுச் சான்றைத் தேட வேண்டியதில்லை. நமது தேயிலைத் தோட்டங்களின் வரலாறே போதுமானது.

தேயிலைக் கொழுந்துகளை நூலாற் பிணைத்துத் தின்னும் டோட்ரிக்ஸ் புழுவைத் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பங்கள் அறியும். அதுவும் ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழுவே. அதனை அடக்குவதற்காக 1935, 1936 ஆம் ஆண்டுகளில் யாவாவிலிருந்து மக்ரோசென்றசு என்னும் சிறு குளவி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. அக்குளவி நிலைபெற்றது, டோட்ரிக்சு ஒடுங்கியது. புழுவைச் சேகரிக்கக் கூலி கொடுக்க வேண்டிய தேவையும் குறைந்தது. பின்னர் தேயிலைக் கிளைகளைத் துளைக்கும் வண்டைக் கொல்ல டயல்ட்ரின் என்னும் மருந்து பயன்படுத்தப்பட்டபோது, அடங்கியிருந்த டோட்ரிக்சு மீண்டும் பெருகியது. மருந்து வண்டை நோக்கித் தெளிக்கப்பட்டது. மடிந்ததோ காவல் நின்ற குளவி. 1960களிலே தேயிலை ஆராய்ச்சியாளர் எழுதிவைத்த இப்பாடத்தை, தோட்டத்தின் எல்லையை அடுத்துள்ள மரக்கறிப் பாத்தியில் நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

மலேசியாவின் கமரன் மலைநாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. வைரமுதுகுப் பூச்சியைக் கொல்லும் குளவிகள் 1970களில் அங்கு விடப்பட்டன. கமக்காரர் கடும் மருந்துகளைத் தொடர்ந்து தெளித்தவரை அவற்றாற் பயன் தோன்றவில்லை. குளவியைக் கொல்லாத பற்றீரியா மருந்துக்கு அவர்கள் மாறிய பின்னரே குளவிகள் தம் வேலையைச் செய்யத் தொடங்கின. குளவி முன்னரே வந்திருந்தது. அதற்கு வேலை செய்ய இடங் கொடுக்கப்படவில்லை என்பதே உண்மை.

மறுப்பும் விடையும்

“கெப்பெட்டிபொலப் பொருளாதார நிலையத்தில் ஓட்டை விழுந்த கோவாவை யார் வாங்குவார்? நகைகளை அடகு வைத்துப் பயிர் செய்துவிட்டு, புழுவைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கின்றீரா?” என்று கமக்காரர் கேட்பது நியாயமே. புழு இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. விற்பனைக்குச் செல்வது உள்ளே கட்டிய தலை. புற இலைகளை எப்படியும் நாம் உரித்தெறிகின்றோம். ஆகவே காக்க வேண்டியவை குருத்தும் தலையுமே. புற இலையிலே நான்கு ஓட்டைகளைக் கண்டு தெளிக்கப்படும் மருந்து பெரும்பாலும் வீண் செலவு. குருத்திலும் தலை கட்டும் இலைகளிலும் புழுவைக் கண்டால் தாமதித்தல் கூடாது.

மருந்தே வேண்டாமென்பதும் எனது கருத்தன்று. 2021 ஆம் ஆண்டில் இரசாயன உரங்களினதும் விவசாய மருந்துகளினதும் இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்பே அத்தடை நீக்கப்பட்டதை யாவரும் அறிவோம். ஆயத்தமின்றி ஒரே நாளில் மருந்தை நிறுத்தினால் கமக்காரர் படும் பாடு அப்போது தெரிந்தது. மருந்து வைத்தியரைப் போன்றது. நோய் வந்தபோது அழைக்க வேண்டியவரை நாள்தோறும் வீட்டில் வைத்துச் சோறு போட வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது, வாரத்துக்கு இருமுறை பாத்தியைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து இருபது கன்றுகளின் இலைகளையும் குருத்தையும் புரட்டிப் பாருங்கள். புழு, கூடு, பூச்சி ஆகியவற்றின் எண்ணிக்கையை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகள் இருப்பின் இவ்வேலையை அவர்கள் விரும்பிச் செய்வர். எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறுகின்றதா, இறங்குகின்றதா என்பதே மருந்து தெளிப்பதா இல்லையா என்பதைச் சொல்லும். புழுக்களினருகே அரிசிமணியினும் சிறிய வெண்ணிறக் கூடுகள் காணப்பட்டால் அவை குளவியின் கூடுகளாயிருத்தல் கூடும், அவற்றை அழிக்காதீர்கள்.

இரண்டாவது, நாற்று வாங்கும்போதே இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். வலையாற் மூடிய மேடையில் நாற்றை நீங்களே வளர்ப்பது இன்னும் நன்று.

மூன்றாவது, கோவாவின் ஓரத்தில் கடுகு விதையுங்கள். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவகம், 25 வரிக் கோவாவின் இருபுறமும் ஒவ்வொரு வரிக் கடுகு வைக்கும் முறையை வகுத்துள்ளது. கோவா நடுவதற்கு 15 நாட்களுக்கு முன் ஒரு முறையும், நட்டு 25 நாட்களின் பின் மறுமுறையும் கடுகை விதைப்பர். பூச்சி கடுகையே பெரிதும் நாடும். அங்கே திரளும் புழுவை அழிப்பது எளிது. கவனியாது விட்டால் கடுகுப் பாத்தியே பூச்சிப் பண்ணையாகிவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

நான்காவது, தூவல் முறையில் நீர் பாய்ச்சுவோர் அந்தி வேளையிற் சிறிது நேரம் பாய்ச்சலாம். பூச்சி கூடி முட்டையிடும் நேரம் அதுவே. நீர்த்துளி அதற்கு இடையூறாகும். இளம் புழுவையும் கழுவிவிடும். இலை நெடுநேரம் ஈரமாயிருந்தால் அழுகல் நோய் வருமாதலின் அளவறிந்து செய்க.

ஐந்தாவது, மருந்து தேவையாயின் பற்றீரியா மருந்தை முதலில் நாடுங்கள். அதனை மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி, புழு சிறிதாயிருக்கும்போதே தெளிக்க வேண்டும். வேறு மருந்து தெளிக்க நேரின், போத்தலில் ஒட்டிய லேபலை வாசித்து, அதிற் கூறிய அளவையும் அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்களையும் பிசகாது கைக்கொள்ளுங்கள். ஒரே வகை மருந்தைத் தலைமுறை தலைமுறையாகத் தெளிக்காதீர்கள். பெயர் மாறினும் வகை மாறாதிருக்கலாம். போதனாசிரியரிடம் வகையைக் கேட்டறியுங்கள். பல மருந்துகளை உங்கள் எண்ணப்படி கலக்க வேண்டாம்.

ஊர் கூடிச் செய்ய வேண்டியது

மேற்கூறிய ஐந்தையும் ஒருவர் தனியே செய்யலாம். ஆனால் ஆறாவதொன்றுண்டு, அதனை ஒருவர் தனியே செய்ய முடியாது. அது கோவாவுக்கு ஓய்வு கொடுத்தல். இப்பூச்சி கோவாக் குடும்பத்தைத் தவிர வேறொன்றையும் உண்ணாதென்று முன்னர் கூறினேன். வெலிமடைப் பகுதியின் வயல்களிலே பெரும்போகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் பயிராகின்றன. வயலில் நெல் நிற்கும் காலம் பூச்சிக்குப் பட்டினிக் காலம். ஆனால் மேட்டுநிலத்திலே ஒருவர் அறுக்க, மற்றவர் நட, ஆண்டு முழுவதும் கோவா நிற்கின்றது. வயலிற் பட்டினி கிடந்த பூச்சி மேட்டில் விருந்துண்டு, மறு போகத்தில் இறங்கி வருகின்றது. அவுஸ்திரேலியாவின் குயின்சுலாந்திலுள்ள லொக்கியர் பள்ளத்தாக்குக் கமக்காரர், கோடையில் ஒரு காலத்துக்குக் கோவாச் செய்கையை எல்லோருமாக நிறுத்திப் பூச்சியை மெலிவிக்கின்றனர். நமது கமக்காரர் அமைப்புகளும் ஒரு சரிவுக்கு ஒரு தீர்மானமென்ற முறையில், சில வாரங்கள் போஞ்சி, கரட், லீக்சு ஆகியவற்றை மட்டும் பயிரிட உடன்படலாம். அறுவடை முடிந்த பாத்தியின் அடிக்கட்டைகளை அன்றே பிடுங்கிப் புதைப்பதும் அவ்வுடன்பாட்டில் ஒரு விதியாயிருத்தல் வேண்டும். லயத்துக் காணியிற் பத்துக் கன்று வைத்திருப்போரையும் இதிற் சேர்த்துக்கொள்ளல் அவசியம். பூச்சி காணியின் பரப்பளவைப் பார்த்து வருவதில்லை.

நெற்செய்கையாளரும் இதனைத் தமக்குரியதன்றென்று விட்டுவிடலாகாது. இளம் நெற்பயிரின் இலையைச் சுருட்டுவதும் ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழுவே. வியட்நாமின் மீக்கொங் கழிமுகத்தில் 1994 இல் தொடங்கிய இயக்கமொன்று, முதல் 40 நாட்களில் இலைதின்னும் புழுவுக்கு மருந்து தெளிக்க வேண்டாமென்று கமக்காரரிடம் கூறியது. இளம்பயிர் அச்சேதத்திலிருந்து மீண்டெழும். முந்தித் தெளித்த மருந்தோ சிலந்திகளையும் குளவிகளையும் கொன்று, பின்னர் கபிலத் தத்திக்கு வழி திறக்கும். பயிர் வேறாயினும் பாடம் ஒன்றே.

கமக்காரப் பெருமக்களே, அடுத்த முறை தெளிகருவியைத் தோளில் ஏற்றுமுன் சற்று நில்லுங்கள். அந்தி வேளையிற் பாத்திக்குள் இறங்கி, ஓர் இலையைப் புரட்டி, அங்குள்ள புழுவை விரலாற் தொட்டுப் பாருங்கள். துடித்து நூலில் தொங்குகின்றதா? அருகில் வெண்கூடு உண்டா? சென்ற வாரத்தினும் கூடியுள்ளதா, குறைந்துள்ளதா? இம்மூன்று கேள்விக்கும் விடையைக் கொப்பியில் எழுதிக்கொண்டு எம்மிடம் வாருங்கள். அப்போது நாம் கூறும் ஆலோசனை உங்கள் பாத்திக்கே உரியதாயிருக்கும். கொப்பியின்றி வந்து மருந்தின் பெயரை மட்டும் கேட்பீராயின், முதலில் உங்களுடன் பாத்திக்கு வருவேனேயன்றிப் பெயரைச் சொல்ல மாட்டேன்.